தடை இல்லாத தடை: காஞ்சிபுரத்தில் ஒரு மாத்திரை

இந்த எபிசோட் ஒரே ஒரு மாத்திரையைப் பத்தி. அதன் மருந்துப் பெயர் லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். கடையில் ஐ-பில்னோ, அன்வான்டட்-72ன்னோ கேட்பாங்க. வீட்டு ஹால்ல ஸ்பீக்கர் போட்டு கேட்டுட்டு இருக்கீங்கன்னா, ஹெட்போன் மாட்டுறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. மாட்டாம கேட்டா எனக்கு சந்தோஷம்.

இந்தியாவில் இந்த மாத்திரையை 2005-லிருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். பெங்களூரில் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். திருவனந்தபுரத்தில் கிடைக்கும். ஹைதராபாத்தில் கிடைக்கும். காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து காந்தி ரோடு வரைக்கும் நடந்து, வழியில் இருக்கிற மெடிக்கல் ஷாப்ல எல்லாம் கேட்டுப் பாருங்க. "இல்ல", "வராது", "பேன் பண்ணிட்டாங்க" — இந்த மூணு பதில்ல ஒண்ணு வரும். இது காஞ்சிபுரத்துக்கு மட்டுமான கதை இல்லை. சென்னையில் இருக்கிறவங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

விஷயம் என்னன்னா, அப்படி ஒரு தடை உத்தரவு கிடையாது. பல வருஷமா நிருபர்கள் அதிகாரிகளிடம் இதைக் கேட்டிருக்காங்க. தடை எதுவும் இல்லைன்னுதான் பதில் வந்திருக்கு. தடையும் இல்லை, மருந்தும் இல்லை. இன்னிக்கு நான் பேச நினைக்கிறது இந்த இடைவெளியைத்தான்.

முதல்ல இந்த மாத்திரை என்ன செய்யுதுன்னு பார்த்துடலாம், ஏன்னா பாதிக் குழப்பம் இங்கதான். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் எடுக்கணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, நேரம் போகப் போக பலன் குறையும். இது கருமுட்டை வெளியே வர்றதைத் தள்ளிப்போடுது. முட்டை வரலைன்னா கரு உருவாக வழியில்லை. ஏற்கெனவே கரு தங்கிவிட்டால் இந்த மாத்திரையால் அதை ஒண்ணும் பண்ண முடியாது. கலைக்காது. அந்த மாசம் பீரியட்ஸ் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ போகலாம், வாந்தி மாதிரி இருக்கலாம். இதனால பின்னாடி குழந்தையே பிறக்காதுன்னு சொல்றது கட்டுக்கதை.

கருக்கலைப்பு மாத்திரை வேற. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால்னு ரெண்டு மருந்து சேர்ந்த கிட் அது. 9 வாரம் வரை, டாக்டர் கண்காணிப்பில், சீட்டோடு மட்டும் கொடுக்க வேண்டியது. அந்த கிட்டை சீட்டில்லாமல் விற்கிறாங்களான்னு நம்ம ஊர்ல சோதனை கடுமையா நடக்கும். நடக்கட்டும், தப்பில்லை. ஆனா கவுன்ட்டர்ல நிற்கிறவர் மனசுல ரெண்டும் ஒரே டப்பாவுக்குள்ள போயிடுச்சு. "அந்த மாதிரி மாத்திரை" அப்படிங்கிற டப்பா.

எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர்கிட்ட, மருந்து வாங்கப் போகாம சும்மா பேசறதுக்குன்னே போய்க் கேட்டேன். அறுபது வயசிருக்கும், நல்ல மனுஷன்.

"ஏன் அங்கிள் வைக்கிறதில்ல?"

"தடை போட்டிருக்காங்கம்மா."

"ஆர்டர் ஏதாவது வந்துச்சா?"

"ஆர்டர் எல்லாம் நான் பார்த்ததில்ல. எல்லாரும் வைக்கிறதில்ல, நானும் வைக்கிறதில்ல. மொத்த வியாபாரிகிட்டயே சரக்கு வராது. வந்தாலும், ஒரு மாத்திரையில எனக்கு என்ன கிடைச்சிடும் சொல்லு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து இது என்னன்னு கேட்டா யாரு பதில் சொல்றது? எதுக்கு வம்பு."

இந்த மனுஷனைத் திட்ட எனக்கு வாய் வரலை. அவர் நிலைமையில் யோசிச்சா அது கணக்குதான். நூறு ரூபாய் சொச்சம் விலையுள்ள ஒரு மாத்திரை, அதுல சில ரூபாய் லாபம், அதுக்காக லைசென்ஸைப் பணயம் வைக்க யாரும் தயாரில்லை. மொத்த வியாபாரி எடுக்காததால் கடையில் இல்லை. கடையில் கேட்காததால் மொத்த வியாபாரி எடுப்பதில்லை. இடையில் இருக்கிற பயத்துக்கு யாருடைய கையெழுத்தும் இல்லை.

இதுதான் எனக்குக் கோபம் வர்ற இடம். அரசு ஒரு தாளில் "இந்த மருந்துக்குத் தடை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தா, அந்தத் தாளை எடுத்துக்கிட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2005-ல் மத்திய அரசு அனுமதிச்சதை நீங்க எப்படித் தடுக்கலாம்னு ரிட் போடலாம். தாளே இல்லாதப்போ எதை எதிர்த்துப் போறது? "எல்லாரும் வைக்கிறதில்ல" என்பதை ரத்து பண்ணச் சொல்லி எந்த நீதிபதிகிட்ட கேட்கிறது?

இன்னொரு வேடிக்கை. மத்திய அரசோட குடும்ப நலத் திட்டத்திலேயே இந்த மாத்திரை இருக்கு, "ஈஸி பில்" என்கிற பேர்ல, இலவசமா. காண்டம், காப்பர்-டி எல்லாம் இருக்கிற அதே பட்டியலில்.

சரி, இதெல்லாம் யாருக்குப் பிரச்சினை? என் தோழி ஒருத்தியோட கதையைச் சொல்றேன். அவ அனுமதியோட, அடையாளம் தெரியாதபடி சிலதை மாத்தித்தான் சொல்றேன். பிள்ளையார்பாளையம் பக்கம், தறிக்கார வீட்டுப் பொண்ணு, 24 வயசு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை. கம்பெனி பஸ்ல போயிட்டு வருவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காண்டம் கிழிஞ்சிடுச்சு. ரெண்டு பேரும் பொறுப்பாத்தான் இருந்தாங்க, கிழிஞ்சது ரப்பர்.

முதல் கடையில் "இல்ல". ரெண்டாவது கடையில் "யாருக்கு?". மூணாவது கடையில் அவ வாயைத் திறக்கறதுக்குள்ள "நீ இன்னார் பொண்ணுதானே, அப்பா நல்லா இருக்காரா?"ன்னு கேட்டாங்க. அவ ரெண்டு பாராசிட்டமால் வாங்கிட்டு வந்துட்டா. காஞ்சிபுரத்துல வளர்ந்தவங்களுக்கு இந்த மூணாவது கடை நல்லாத் தெரியும். ஒவ்வொரு தெருவிலும் பாவு போட்டவரும் ஜரிகை கொடுத்தவரும் சொந்தமா, தெரிஞ்சவரா இருக்கிற ஊர்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாமேன்னு நீங்க கேட்கலாம். அவளும் யோசிச்சா. அங்கே ஓ.பி. சீட்டு எழுதும்போதே "கல்யாணம் ஆயிடுச்சா, வீட்டுக்காரர் பேர் என்ன"ன்னு கேட்பாங்கங்கிற பயத்துலயே போகலை. காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணம், திருத்தணி தாண்டினா நகரி, அது ஆந்திரா. சுமார் 60 கிலோமீட்டர். திங்கட்கிழமை ஷிஃப்ட் இருந்ததால அதுவும் முடியலை. கடைசியில் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்த ஒரு காலேஜ் ஃபிரண்ட் வாங்கிட்டு வந்து கொடுத்தா. அப்போ 60 மணி நேரம் ஓடிப்போயிருந்துச்சு. 72-க்குள்ளதான். ஆனா முதல் 12 மணி நேரத்தில் எடுத்திருந்தா இருந்திருக்க வேண்டிய நம்பிக்கை அதுல இல்லை. அந்த மாசம் பீரியட்ஸ் ஆறு நாள் தள்ளிப்போச்சு. அந்த ஆறு நாளைப் பத்தி அவ இன்னிக்கு வரைக்கும் சரியாப் பேசினதில்ல.

இப்போ ஒரு கேள்வி. தமிழ்நாடு குடும்பக் கட்டுப்பாட்டில் நாட்டுக்கே முன்னோடின்னு படிச்சிருக்கோமே, அப்புறம் எப்படி இது?

முன்னோடிதான், சந்தேகமே இல்லை. எதுல முன்னோடின்னு பார்க்கணும். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி குழந்தைகள் 1.8. திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. மாத்திரை, காண்டம்னு சொல்றவங்களும் மிகக் குறைவு. அதாவது, நம்ம ஊரில் கருத்தடை என்பது ஒரே ஒரு கதவு. கல்யாணம் பண்ணு, ஒண்ணு பெத்துக்கோ, இன்னொண்ணு பெத்துக்கோ, அந்தப் பிரசவத்தோட ஆபரேஷன் பண்ணிக்கோ. அந்தக் கதவுக்கு முன்னாடி நிற்கிறவங்களுக்கு ஜன்னல்கூட இல்லை. கல்யாணம் ஆகாதவங்க, ரெண்டு வருஷம் தள்ளிப்போட நினைக்கிற புதுசா கல்யாணமானவங்க, முதல் குழந்தைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மூச்சுவிட நினைக்கிறவங்க, இவங்க யாரும் அந்தத் திட்டத்தின் கண்ணில் படுவதில்லை. ஏன்னா திட்டம் எண்ணியது தலைகளை. பெண்ணோட காலண்டரை இல்லை.

அந்த ஆபரேஷன்லயும் ஒரு வரலாறு இருக்கு. 1950களின் கடைசியில் மெட்ராஸ் மாநிலம்தான் ஆபரேஷன் செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கிறதை முதலில் ஆரம்பிச்ச மாநிலங்களில் ஒன்று. 1951 சென்சஸை நடத்தின ஆர்.ஏ.கோபாலஸ்வாமிதான் அதுக்குப் பின்னாடி இருந்த முக்கியமான அதிகாரி. அன்னிக்கு முதல் இலக்கு ஆண்கள். வாசக்டமி. அப்புறம் எமர்ஜென்சி வந்துச்சு. 1976-77 என்ற ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல ஆபரேஷன், பெரும்பாலும் ஆண்களுக்கு, நிறைய இடத்தில் கட்டாயமா. அந்தக் கோபத்தில் ஆட்சியே கவிழ்ந்தது. அதுக்கப்புறம் எந்தக் கட்சியும் ஆண்கள் பக்கம் கையை நீட்டலை. ஆண்களைக் கட்டாயப்படுத்தினா ஓட்டு போயிடும்னு பாடம் கத்துக்கிட்டு, மொத்த பாரத்தையும் பெண்கள் வயித்துல இறக்கி வச்சாங்க. இவ்வளவுக்கும் ஆணுக்குச் செய்றது தழும்பே பெரிசா தெரியாத, அரை மணி நேரத்துக்குள்ள முடியற வேலை.

இன்னும் பின்னாடி போனா இந்த ஊருக்கே ஒரு தொடர்பு இருக்கு. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில்தான் பெரியார் வெளிநடப்பு செய்தார். வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் காரணம், அது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு சில வருஷத்திலேயே அவர் கர்ப்பத்தடை பத்தி எழுத ஆரம்பிச்சார். "பெண் ஏன் அடிமையானாள்?" புத்தகத்தில் அது ஒரு தனி அத்தியாயம். அதில் அவர் வைக்கிற வாதம் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. மத்தவங்க கர்ப்பத்தடையை ஆதரிப்பது பெண்ணோட உடம்புக்காக, நாட்டோட வறுமைக்காக, சொத்து பிரியாமல் இருக்கிறதுக்காக. இவர் ஆதரிப்பது பெண் விடுதலையா, சுதந்திரமா இருக்கிறதுக்காக. காந்தி அதே காலத்தில் கருத்தடைச் சாதனங்களையே எதிர்த்தவர். 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கே வந்து வாதாடிப் பார்த்தாங்க. அவர் சுயக்கட்டுப்பாடுதான் வழின்னு நின்னுட்டார்.

பின்னாடி வந்த அரசுகள், பெரியார் பேரைச் சொன்ன அரசுகளும் சேர்த்துத்தான் சொல்றேன், கருத்தடையை எடுத்துக்கிட்டாங்க. காரணத்தை எடுத்துக்கலை. சிவப்பு முக்கோணம் சுவர்ல வந்துச்சு, நாட்டு வளர்ச்சி வந்துச்சு. பெண்ணோட சுதந்திரம் அதுல எங்கேயும் எழுதியிருக்கலை.

காரணம் வேற யாருடையதாவோ இருந்தா என்ன ஆகும்? காரணம் மாறும்போது எல்லாமே தலைகீழாகும். இப்ப அதைத்தான் பார்க்கிறோம். 2024 அக்டோபரில் சென்னையில் நடந்த ஒரு கூட்டுத் திருமண விழாவில் அப்போதைய முதல்வர் ஸ்டாலின், பதினாறு செல்வங்களுக்குப் பதிலா பதினாறு பிள்ளைகளே பெத்துக்கலாமோன்னு நினைக்கிற நிலைமைன்னு பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், முன்னே மாதிரி பொறுமையா பெத்துக்கங்கன்னு சொல்ல மாட்டேன், உடனே பெத்துக்கங்கன்னார். தொகுதி மறுவரையறையில் நம்ம எம்.பி. எண்ணிக்கை குறையுமேங்கிற கவலை. அந்தக் கவலை நியாயமானதுதான். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தின மாநிலத்துக்குத் தண்டனையான்னு கேட்கிறது சரியான கேள்வி. ஆனா அந்தச் சண்டையை டெல்லியில் போடணும். அதுக்கான ஆயுதத்தைப் புதுசா கல்யாணமான பொண்ணோட கர்ப்பப்பையில் தேடக்கூடாது. பக்கத்துல ஆந்திராவிலும் இதே பேச்சு. ரெண்டு பிள்ளைக்கு மேல இருந்தா உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாதுன்னு வச்சிருந்த விதியை 2024-ல் எடுத்துட்டாங்க.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்னொரு குரலும் இருக்கு. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டாங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில், அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதைத் தவிர்த்தாங்கன்னு. கர்ப்பம், குடும்பப் பொறுப்புன்னு காரணம் சொல்லப்பட்டதா அந்தச் செய்தி சொன்னது. பாகுபாடு காட்டலைன்னு நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதை விடுங்க, பொதுவாவே வேலைக்குப் போற பொண்ணோட நிலைமையை யோசிங்க. மேடையில் "உடனே பெத்துக்கோ". இன்டர்வியூவில் "எப்ப கல்யாணம்?" வீட்டில் கல்யாணமான மூணாவது மாசமே "விசேஷம் ஏதாவது?" காமாட்சி அம்மன் கோயிலில் பிள்ளை வரத்துக்குன்னே சந்தான ஸ்தம்பம் இருக்கிற ஊர் இது. வரம் கேட்கிறவங்க கேட்கட்டும், அது அவங்க ஆசை, அவங்க கண்ணீர். இப்ப வேணாம்னு கேட்கிறவளுக்கு இந்த ஊர்ல ஒரு கவுன்ட்டர் கிடையாது.

பழைய தறி வீடுகளில் பிள்ளைன்னா அது ஒரு கை. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேற நிறம், மூணு நாடா ஓடும். நெய்யறவர் ஒருத்தர், மறுபக்கம் நாடா தள்ள இன்னொருத்தர். அந்த இன்னொருத்தர் பல வீட்டில் பிள்ளைதான். இன்னிக்கு அந்தப் பிள்ளை படிக்கப் போகுது, அப்புறம் ஓரகடம் பஸ் ஏறுது. பிள்ளை எத்தனை, எப்போங்கிற கணக்கைப் பெண்கள் எப்பவோ மாத்திட்டாங்க. மெடிக்கல் ஷாப் அலமாரி மட்டும் மாறலை.

சட்டம் என்ன சொல்லுது? 1971 கருக்கலைப்புச் சட்டத்தில் கருத்தடை தோல்வியடைந்தால் என்ற காரணம் "திருமணமான பெண்ணும் அவள் கணவரும்"னு எழுதியிருந்தது. 2021 திருத்தத்தில் அது "பெண்ணும் அவள் துணைவரும்"னு மாறிச்சு. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரம் வரை சில பிரிவினருக்கு, ரெண்டு டாக்டர். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், அந்த 24 வாரத்தில் திருமணமாகாத பெண்ணை ஒதுக்க முடியாதுன்னு தீர்ப்பு சொன்னது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு. அதுக்கு மூணு மாசம் முன்னாடிதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பையே ரத்து பண்ணியிருந்தது. அன்னிக்கு நிறைய பேர், நம்ம நாடு எவ்வளவோ மேல்னு ஸ்டேட்டஸ் போட்டாங்க. தாளில் மேல்தான். தாளில் 24 வாரம் உரிமை இருக்கிற ஒரு பொண்ணுக்கு, தரையில் முதல் 24 மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை இல்லை. அதாவது கரு தங்காமல் பார்த்துக்கிற எளிய வழியை அடைச்சுட்டு, தங்கின பிறகு ஆஸ்பத்திரி, ஸ்கேன், டாக்டர்னு நீளமான வழியைத் திறந்து வச்சிருக்கோம். கருக்கலைப்பு கூடாதுன்னு நினைக்கிறவங்கதான் இந்த மாத்திரைக்காக முதலில் சண்டை போடணும்.

"கிடைச்சா தப்பாப் பயன்படுத்துவாங்க, மாசத்துக்கு நாலு தடவை போடுவாங்க"ன்னு டாக்டர்களே சொல்றாங்க. அந்தக் கவலையில் உண்மை இருக்கு. இது அவசரத்துக்கானது, வழக்கமான கருத்தடையைவிட இதன் பலன் குறைவு, பால்வினை நோயைத் தடுக்காது. அதுக்குத் தீர்வு வழக்கமான கருத்தடையை எளிதாக்குறது. அதிலும் நம்மகிட்ட நல்ல பொருட்கள் இருக்கு. "சாயா"ன்னு ஒரு மாத்திரை, லக்னோவில் சி.டி.ஆர்.ஐ. கண்டுபிடிச்சது, ஹார்மோன் இல்லாதது. முதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. "அந்தரா" ஊசி மூணு மாசத்துக்கு ஒரு தடவை. ரெண்டுமே அரசுத் திட்டத்தில் இலவசம். நம்மில் எத்தனை பேர் இந்தப் பேர்களைக் கேள்விப்பட்டிருக்கோம்? உங்களுக்கு எது பொருந்தும்னு ஒரு டாக்டரைக் கேட்டு முடிவு பண்ணுங்க.

இப்ப அவசரத்தில் இருக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். மாத்திரை கிடைக்கலைன்னா அதோட முடிஞ்சு போச்சுன்னு இல்லை. காப்பர்-டி-யை ஐந்து நாளுக்குள் போட்டுக்கிட்டா அதுவும் அவசரக் கருத்தடைதான், மாத்திரையைவிடப் பலன் அதிகம். டாக்டர்தான் போடணும். பீரியட்ஸ் ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப்போனா டெஸ்ட் எடுங்க, பயந்து நாளைக் கடத்தாதீங்க. 18 வயசு நிரம்பின பெண்ணுக்குச் சட்டப்படியான கருக்கலைப்புக்கு அவளோட சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தோ, அப்பா அம்மா கையெழுத்தோ சட்டம் கேட்கலை. உங்க பேரை டாக்டர் வெளியே சொன்னா அவருக்கு ஒரு வருஷம் வரை சிறைத்தண்டனை இருக்கு. அந்த 5ஏ பிரிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க.

கடையில் "பேன்"னு சொன்னா, எந்த ஆர்டர், என்ன தேதின்னு மரியாதையா ஒரு தடவை கேளுங்க. என் கடைக்கார அங்கிள்கிட்ட நான் கேட்ட பிறகு அவர் மருந்துக் கடைக்காரர் சங்கத்தில் விசாரிக்கிறேன்னிருக்கார். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு மனு போடலாம்: இந்த மருந்தை விற்கத் தடை உண்டா, இல்லையா, எழுத்தில் சொல்லுங்கன்னு. பதில் வந்தா அதன் நகலை எடுத்துட்டுப் போய் உங்க தெருமுனைக் கடையில் கொடுங்க. நான் என் மனுவை எழுதி வச்சிருக்கேன், இந்த வாரம் அனுப்புறேன். வாசக்டமி பத்தி நிறைய ஆண்கள் கேள்வி அனுப்பியிருக்கீங்க, அடுத்த எபிசோட் அதுதான்.